எபிரேயர் தைத்த அங்கி

உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்? தெரியாதா? நல்லவேளை, நீங்கள் ராஜபாளையத்தில் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை. எங்கள் தெருத் தையல்காரர் துணியை உங்கள் முகத்திலேயே எறிந்திருப்பார்.

அவரை ஊரே 'எபிரேயர்' என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் அவர் பெண்டாட்டிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் விட்டுச்சென்ற புத்தகம் அவரிடம் இருந்தது. வேதத்தில் வரும் எபிரேயுப் பெயர்கள், அவற்றின் அர்த்தங்கள். பாதியைக் கரையான் தின்றுவிட்டது. கரையான் தின்ற பெயர்க்காரர்களுக்குக் கேள்வி கிடையாது, சட்டை உடனே கிடைக்கும். மற்றவர்கள் மாட்டினார்கள்.

ஒருநாள் சேத்தூர்ப் பட்டாளத்துக்காரர் ஒருவர் கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார்.

"பேரு?"

"தாவீது."

"அர்த்தம்?"

"கால்சட்டைக்கு அர்த்தம் எதுக்குவே? எல்லார்ட்டயும் இப்படித்தான் கேப்பீரா?"

"மாரியப்பனுக்கும் பெருமாளுக்கும் அவிய பேரு வெளங்கும். நாமதான் வெளியூர்ப் பேர மாட்டிக்கிட்டு முழிக்கோம். தாவீதுன்னா பிரியமானவன். எங்க, பிரியமாக் கேளும், தைக்கேன்."

அத்தனை பெரிய மீசை, "அண்ணாச்சி, தைச்சுக் குடுங்க" என்று குழைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு ஆறு வயதில் தம்பி பிறந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டும் ஒரு வருஷம் தாண்டவில்லை. அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மா அவனைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, 'குப்பை' என்று பெயர் வைத்துவிட்டாள். குப்பையைச் சாவு சீண்டாது என்று நம்பிக்கை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதிரியார் ஒப்பவில்லை. "குப்பைன்னு ஞானஸ்நானம் குடுக்க முடியாது. வேதத்துல உள்ள பேரா வைங்க."

"வேதத்துல உள்ள பேர் வச்ச ரெண்டும் மண்ணுக்குள்ள கெடக்கு" என்றாள் அம்மா. "குப்பைதான். இல்லேன்னா ஞானஸ்நானமே வேண்டாம்."

அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டினார். ஞானஸ்நானத்துக்குக் குறித்த ஞாயிறு நெருங்கியது. அன்றைக்குத் தம்பி போட வேண்டிய அங்கிக்கு அளவெடுக்க வீட்டுக்கு வந்த எபிரேயர் வழக்கம்போல "பேரு?" என்றார். அம்மா உடைந்து அழுதுவிட்டாள். விஷயம் தெரிந்ததும் மனிதர் அளவு நாடா கழுத்தில் பறக்க ஓடினார். கரையான் புத்தகத்தோடு திரும்பி வந்தார்.

"தாயி, யாபேஸ்னு வையி. துக்கம்னு அர்த்தம்."

"துக்கமா!" அப்பா அலறினார்.

"செத்த நேரம் சும்மா இரும்வே. வேதன தாங்காமப் பெத்தவ வச்ச பேரு அது. எபிரேயுல துக்கம்ங்கிற சொல்ல எடுத்து, எழுத்தக் கொஞ்சம் மாத்திப் போட்டுட்டா. துக்கம் தேடி வந்தாலும் வீடு தெரியாமத் திரும்பிரும்லா? கூடப்பொறந்த அம்புட்டுப் பேரயும்விட அவன்தான் மதிப்பா வாழ்ந்தான். குப்பையவிட மோசமான பேரு, வேதத்துலயும் இருக்கு. பாதிரியார் என்ன செய்வாரு?"

அம்மா சிரித்தாள். எத்தனை மாதம் கழித்தோ!

தூங்கிக்கொண்டிருந்த தம்பியை விட்டுவிட்டு எபிரேயர் என்னை நிறுத்தி அளவெடுத்தார். எனக்கும் புதுச்சட்டை என்று குதித்தேன்.

ஞாயிறு காலை ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயில் வாசலில் அங்கியை நீட்டினார். பிரித்தால், அம்மாவின் இடுப்புவரை தொங்கியது.

"அண்ணாச்சி, இது ஆறு வயசுப் பிள்ளைக்குல்ல காணும்!"

"அப்ப போட்டுக்கிடட்டும் தாயி. இன்னைக்குச் சும்மா சுத்திக்கோ."

யாபேஸுக்கு இப்போது பதினாறு வயது. அந்த அங்கி அவனுக்குப் பத்தாது.