ரதோயேவைத் தாக்கிய ஊடுகாற்று

அந்த வருட மிஹோல் கோடையில் ஒரு மணி நேர வெயிலைக்கூட வீணாக்குவதில்லை என்று ரதோயே முடிவு செய்தார். கல்யாணத்தைக்கூட அவர் இவ்வளவு யோசித்துச் செய்யவில்லை.

செப்டம்பர் கடைசியில் மழையும் மூடுபனியும் வந்து, டிரினா ஆற்றங்கரைச் சிற்றூர் முழுவதும் கம்பளிச் சட்டையை உதறி மாட்டிக்கொண்டிருந்தது. பிறகு அக்டோபர் பாதியில், புனித மிஹோலின் திருநாளை ஒட்டி, வானம் மனம் மாறியது. இலையுதிர்காலத்தின் நடுவே இப்படித் திரும்பி வரும் சில நாள் வெயிலுக்குத்தான் மிஹோல் கோடை என்று பெயர். இருபத்தாறு டிகிரி. எதிர்க்கரை மலையில் இலை பழுத்த பீச் காட்டு மரங்கள், துலக்கி வைத்த செப்பு அண்டாக்கள்போல் நின்றன. ஆறு பச்சைக் கண்ணாடி. வேலியோரத்து ஆப்பிள் மரத்துக்கு மாதம் மறந்துபோய், இலை உதிர்ந்த கொம்பில் நாலே நாலு வெள்ளைப் பூ பூத்திருந்தது. ரதோயே அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். தேவாலயத்திலேயே மனைவி தேசா முழங்கையால் இடித்தால்தான் அவர் தொப்பி கழலும்.

நகரசபையில் ஒரு வாரம் லீவு சொன்னார். காரணம், விறகு. அந்த ஊரில் அக்டோபரில் விறகுக்கு லீவு கேட்டால், சாவுக்குக் கேட்பதைவிட மரியாதை அதிகம். விறகு பொய்யுமல்ல. எட்டு கன மீட்டர், அறுத்துப் பிளந்த கட்டைகள், வாசலில் மலையாகக் குவிந்து கிடந்தன. பின்பக்கக் கொட்டகைக்குச் சுமந்துபோய் அடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மழை என்று வானொலி சொல்லிவிட்டது. விறகு நனைந்தால் குளிர்காலம் பூராவும் வெளியே பனி, உள்ளே புகை.

ரதோயேவின் திட்டத்திலோ ஒரு தூண்டில், ஒரு மடக்கு நாற்காலி, ஓர் ஆறு, ஏழு நாள். அவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் விறகு கிடந்தது. விறகின் மேல் தேசா நின்றாள்.

"என்னங்க, வெயில் ஏறுறதுக்குள்ள ஆரம்பிங்க."

"வெயில் ஏறட்டுமே. விறகு எங்க ஓடப்போகுது?"

"விறகு ஓடாது. நீங்க ஓடுவீங்க."

ரதோயே மூளையைக் கசக்கினார். கடைசியில் அந்த நாட்டில் எவனும் கேள்வி கேட்க முடியாத ஒன்றைப் பிடித்தார். ஊடுகாற்று.

அங்கே கடவுளை நம்பாதவர்கள் உண்டு. ஊடுகாற்றை நம்பாதவர்கள் கிடையாது. எதிரெதிராக ஒரு கதவும் ஒரு ஜன்னலும் திறந்திருந்தால், நடுவே பாய்கிற காற்று அது. பல்வலி, காதுக்குடைச்சல், வாய்க்கோணல் எல்லாம் அதன் வேலை. தெருக்கோடியில் ஒரு விவாகரத்துகூட அதன் கணக்கில்தான் எழுதப்பட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை தேசா மெத்தைகளைக் காயவைக்கக் கதவையும் ஜன்னலையும் திறந்தாள். ரதோயே நடுவில் போய் நின்றார். பத்து எண்ணினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்றார்.

"என்ன ஆச்சு?"

"தாக்கிருச்சு தேசா! ஊடுகாத்து! குனிய முடியல, நிமிர முடியல!"

"கடவுளே! எந்தப் பக்கம்?"

"விறகு தூக்குற பக்கம்."

இதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. இனி அடுத்த வரியைச் சொல்ல வேண்டும். "ஒண்ணும் கவலைப்படாத. ஆத்தோரமா நாலு நாள் வெயில்ல சாஞ்சு உக்காந்தா..."

படார். தேசா ஜன்னலைச் சாத்தினாள். படார். கதவு. படார், படார் என்று வீட்டிலிருந்த ஒன்பது ஜன்னல்களும் சாத்தப்பட்டன.

"வெளியவா? ஊடுகாத்து பட்ட உடம்போடயா? என்னைத் தாலி அறுக்கப் பாக்குறீங்களா? படுங்க!"

படுத்தார். கம்பளி பனியன் வந்தது. அதன்மேல் ஆட்டுத்தோல். கால்களுக்கு இரண்டு ஜோடிக் காலுறை. பிளம் சாராயப் புட்டி வந்ததும் முகம் மலர்ந்து எழுந்தார். தேசா அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் ஊற்றித் தேய்த்தாள்.

"ஒரு மடக்கு வாயில..."

"நோவு முதுகுலதானே? வாய் நல்லாத்தான் வேலை செய்யுது."

பிறகு போன வருட மிச்ச விறகை எடுத்து அடுப்பை மூட்டினாள். ஊரே சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரிந்த அந்த நாளில், ஊர் முழுவதிலும் ஒரே ஒரு புகைபோக்கியில் புகை எழுந்தது. அதன் அடியில் ரதோயே வெந்துகொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு ஸோர்கா, வாட்டசாட்டமான விதவை, நலம் விசாரிக்க வந்தாள்.

"அண்ணே, இதைச் சாதாரணமா நினைச்சிராதீங்க. என் சித்தப்பா மகன் இப்படித்தான் முதுகுனு சொன்னான். மூணாம் நாள் வாய் காதுகிட்டப் போயிருச்சு."

"எனக்கு இப்பக் கொஞ்சம் பரவால்ல ஸோர்கா."

"அவனும் அதையேதான் சொன்னான்."

போகும்போது காரமுள்ளங்கியைத் துருவி முதுகில் கட்டச் சொல்லிவிட்டுப் போனாள். கட்டினார்கள். அதற்குப் பிறகு முதுகு உண்மையாகவே எரிந்தது.

செவ்வாய் முழுவதும் ரதோயே ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு கிடந்தார். இப்படியொரு வெயிலை அவர் ஆயுளில் கண்டதில்லை. காலையில் அது மலை முதுகிலிருந்து தேன்போல் வழிந்து இறங்கியது. மத்தியானம் வால்நட் மரத்தின் கடைசி இலைகள் காற்றே இல்லாமல், ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் விழுந்தன; விழுகிற வழியெல்லாம் ஒளிர்ந்தன. செத்துப்போயிருக்க வேண்டிய குளவிகள் பிளம் பழங்களுக்குத் திரும்பி வந்திருந்தன. இத்தனை வருடமும் இது தன் வாசலிலேயே நடந்திருக்கிறதா என்று மலைத்துப்போனார். வியர்வை வேறு கண்ணில் இறங்கியது.

அந்த மரத்தடியில் தேசாவும் ஸோர்காவும் நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காபி குடித்தார்கள். வீட்டைப் பார்த்து ஏதோ பேசினார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வெயில் அப்படிப்பட்டது, காரணமில்லாமல் சிரிக்க வைக்கிறது என்று ரதோயே ஏங்கினார்.

புதன்கிழமை இருவரும் ஆற்றுக்கே போய்விட்டார்கள். தேசா திரும்பும்போது மூக்கு நுனி சிவந்திருந்தது. கையில் அவருடைய தூண்டிலும் இரண்டு மீனும் இருந்தன.

"ஆறு... எப்படி இருந்துச்சு?" என்று தூண்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சொன்னா நம்ப மாட்டீங்க. முட்டி வரைக்கும் இறங்கி நின்னேன். அக்டோபர்ல! மீனு கால்கிட்ட வந்து பாத்துட்டுப் போகுது. சாமி கும்பிடணும்போல இருந்துச்சு. நீங்க இல்லியேன்னுதான் வருத்தம்."

வியாழன் காலை ரதோயே கட்டிலிலிருந்து குதித்தார்.

"தேசா! குணமாயிருச்சு!"

"ஊடுகாத்து போற மாதிரி பாவலா காட்டும். படுங்க, அடுப்புல இன்னும் ரெண்டு கட்டை போடுறேன்."

"ஐயோ, கட்டை வேண்டாம்! சத்தியமா குணமாயிருச்சு. இங்க பாரு, குனியுறேன்!"

"சும்மா குனிஞ்சா என்ன தெரியும்? பாரம் தூக்கினால்ல தெரியும்."

"அப்ப விறகு தூக்கிக் காட்டட்டுமா?"

"வேண்டவே வேண்டாம்! உங்க உசிரவிட விறகு பெருசா?"

ரதோயே கெஞ்சினார். கடைசியில் தேசா அரை மனதோடு பத்துக் கட்டைக்கு அனுமதி கொடுத்தாள். ஆட்டுத்தோலை வீசிவிட்டு வெளியே பாய்ந்தார். வெயில் முகத்தில் பட்டதும் சிறைவாசம் முடிந்தவர்போல் கண் கலங்கிற்று. பத்துக் கட்டை பறந்தது. அப்படியே நின்று மலையைப் பார்த்தார். செம்பு பொன்னாகிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நின்னுட்டீங்க? முதுகா? உள்ள வாங்க, அடுப்பு சூடாத்தான் இருக்கு."

"முதுகா? எனக்கா?" இன்னும் பத்துக் கட்டை.

மூச்சு வாங்க ஒரு நிமிடம் உட்கார்ந்தார். ஜன்னலில் தேசாவின் தலை தெரிந்தது. கையில் காரமுள்ளங்கி. எழுந்துகொண்டார். கொட்டகைக்கும் வாசலுக்குமாக நாள் முழுக்க ஓடினார். நிற்க நினைத்த போதெல்லாம் அவள் அன்போடு கதவைத் திறந்து பிடித்தாள். உள்ளேயிருந்து அனல் வீசிற்று. சாயங்காலத்துக்குள் எட்டு கன மீட்டரும் கொட்டகையில், சுவர் வைத்ததுபோல, வரிசையாக ஏறிவிட்டன.

ரதோயே கட்டையின் மேல் சரிந்து உட்கார்ந்தார். மலைமேல் கடைசி வெளிச்சம் நின்றது. ஊர் முழுவதும் ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் இருந்தது. அவர் மனம் நிறைந்துவிட்டது. போகட்டும், விறகு தீர்ந்தது. வெள்ளி இருக்கிறது, சனி இருக்கிறது. இரண்டு முழு நாள், ஆறு, தூண்டில், வெயில். கணக்குப் பார்த்தால் ஜெயித்தது தான்தான்.

தேசா காபியும், கூடவே ஒரு கிண்ணம் சாராயமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப எப்படி இருக்கு முதுகு?"

"இரும்பு!" என்று தட்டிக் காட்டினார் ரதோயே. "இருபது வயசுல இருந்த முதுகு! இனி எந்தக் காத்தும் ஒண்ணும் பண்ணாது!"

"அப்பாடா! எனக்கு இப்பத்தான் நிம்மதி." தேசா வேலிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஸோர்காக்கா! கேட்டீங்கல்ல? நாளைக்குக் காலையில உங்க விறகு லாரியை வரச் சொல்லிருங்க."