பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் கட்டில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் மகளும் நலமென்று நம்புகிறேன். எங்கள் நலம் கீழே விவரிக்கப்பட்டுள்ளது.

விடுமுறை நாட்களில் பெரிய பாலத்திலும் விரைவுச்சாலையிலும் லாரிகளைத் தடுக்கும் ஆணை ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்ற வரலாற்று முடிவை, ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கையில் நான் எடுத்தேன். பக்கத்து மேசையில் நீங்கள் இருந்தீர்கள். இரண்டாம் பக்கம் முழுக்க விதிவிலக்குகள். வீடு மாற்றுவோர் சாமான் உட்பட எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். நாமும் டீ குடிப்பவர்கள் என்பதால் பால் வண்டி மட்டும் தப்பியது.

இப்போது, புது வீட்டுக்கு வரவேண்டிய எங்கள் வீட்டுச் சாமான் லாரி பாலத்துக்கு உங்கள் பக்கம் நிற்கிறது. தடை பன்னிரண்டு மணிக்கு. லாரி போய்ச் சேர்ந்தது பன்னிரண்டு நாலுக்கு. நாற்காலிகளுக்கு நான் எண் எழுதி ஒட்டியதில் போன நாலு நிமிடம் அது. நேற்று பேருந்தில் பாலத்தைத் தாண்டிப் போய்க் காவலரிடம் கெஞ்சினேன். அவர் ஆணையை நீட்டி, "கையெழுத்து யாருதுன்னு பாருங்க பெரியவரே" என்றார். என்னுடையதுதான் என்றேன். "அப்ப உங்களுக்கே தெரியுமே" என்றார். லாரி ஓட்டுநர் யோசனைக்காரர். ரெண்டு லிட்டர் பால் வாங்கி வந்து, "இது பால் வண்டிங்க" என்று சாதித்தார். காவலர் ஏறிப் பார்த்துவிட்டு, "பாலுக்குத் துணையா பீரோ எதுக்குப்பா?" என்று கேட்டார். பாலை மூவரும் குடித்தோம்.

வீட்டில் இருப்பது பக்கத்து வீட்டார் கொடுத்த ஒரு நாற்காலி. உங்கள் அத்தையும் நானும் முறைபோட்டு உட்காருகிறோம். ராத்திரி தரையில் செய்தித்தாள். அத்தைக்கு முழங்கால் மடங்கினால் நீளாது, நீண்டால் மடங்காது. இன்று காலை, "ஊர்ச் சாமானையெல்லாம் நிறுத்தி வெச்சது போதாதுன்னு என் கட்டிலையும் நிறுத்திட்டீங்க. சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா நான் மக வீட்டுக்குப் போறேன். நீங்க உங்க ஆணைய விரிச்சுப் படுத்துக்குங்க" என்றாள். ஒரு பக்கம்தானே, தலைக்குக்கூடப் போதாது என்று சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

விடுமுறைப் பொறுப்பு அதிகாரி நீங்கள்தான். தொலைபேசியில் கேட்டதற்கு, "எழுத்துமூலமா குடுங்க மாமா" என்றீர்கள். நான் கற்றுக்கொடுத்தது. ஆகவே எழுத்துமூலமாகக் கேட்கிறேன்: ஒரே ஒரு லாரிக்குச் சிறப்பு அனுமதி தாருங்கள். ஒருத்தருக்கு இளகினால் ஊரே வரிசையில் வந்து நிற்கும் என்று நான் சொன்னதை ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். முப்பத்தாறு வருஷமாக நான் ஒரு வீட்டில் தனியாக இருந்து பழகவில்லை மாப்பிள்ளை. அவள் போய்விட்டால் இந்தக் காலி வீட்டில் யாரோடு சண்டை போடுவேன்?

எங்கள் ஆசிகள் எந்தத் தடையுமின்றி உங்கள் இருவரையும் வந்தடையட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: அனுமதி வேண்டாம். லாரி ஓட்டுநர் இப்போதுதான் வீட்டுக்கு வந்து நலம் விசாரித்தார். லாரியை அங்கேயே பூட்டிவிட்டு, விடுமுறைக்கு இந்தப் பக்கத்திலுள்ள சொந்த வீட்டுக்கு வந்திருக்கிறாராம். சாலையில் லாரியே இல்லாததால் பேருந்து பன்னிரண்டு நிமிடத்தில் பாலத்தைக் கடந்ததாம். சாவி அவரிடம் இருக்கிறது. திங்கட்கிழமைதான் திரும்புவார். இந்தக் கடிதத்தை உங்கள் அத்தை நாலு மணிப் பேருந்தில் கொண்டுவருகிறாள்.