நைனா கட்டிய கண்ணாடி

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், அம்மா, டைகர் என்ற நாய், எதிர்வீட்டு லாஷிங் நைனா. இல்லாதவர் அப்பா. நைனா கயிறோடு வருகிறார் என்று தெரிந்தால் அப்பா வீட்டில் இருப்பதில்லை.

காலடிப்பேட்டையில் புயலுக்கும் அசையாத பொருள் எதைக் கண்டாலும் அது நைனா கட்டியது என்று நம்பலாம். துறைமுகத்தில், கப்பல்மேல் கன்டெய்னர்களை ஆடாமல் இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இராது. தன் ஃபிரிட்ஜை ஜன்னல் கம்பியோடு கட்டிவைத்தார். வெகு பத்திரம், கதவைத்தான் திறக்க முடியாது. தெருவில் ஒரு கல்யாணப் பந்தலுக்குக் கை கொடுத்தார். அவிழ்க்க ஆளில்லாமல் அதே பந்தலில் மணப்பெண்ணின் வளைகாப்பும் நடந்தது.

எங்கள் தொல்லை கண்ணாடி டீபாய். எங்கள் வம்சத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்ற மிதப்பில், முதல் சம்பளத்தில் நான் வாங்கியது. மரச் சட்டத்தின் மேல் கண்ணாடி சும்மா உட்கார்ந்திருக்கும். மீன்காரம்மா தெருவில் குரல் கொடுத்ததும் டைகர் அதன்மேல் ஏறிப் பாய்வான். கண்ணாடி அவனுக்கு முன்பே வாசலுக்குப் புறப்படும். உராய்வு விசை பற்றி அம்மாவுக்கு விளக்கினேன்.

"அத்த கண்ணாடி கைல சொல்லு" என்றவள் தீர்ப்பையும் சொன்னாள்: "இன்னொரு தபா கண்ணாடி நவுந்துச்சு, நாயி மீஞ்சூர்ல மாமா வூட்டுக்குப் பூடும். கால்ல வுயுந்தா இன்னா ஆவறது?"

மாமா வீட்டில் நாய்க்குச் சங்கிலிதான் உலகம். நான் பயந்துபோய் நைனாவைக் கூப்பிட்டேன்.

அவர் டீபாயைச் சுற்றி வந்தார். "நாய ஏம்மா தொரத்துற? அது அலை மாரி. அலைய எவனாச்சும் கட்டுவானா? சரக்கத்தான் கட்டணும்."

"கட்டுண்ணா. ஆனா நவுரக்கூடாது."

"கப்பலே கவுந்தாலும் நவுராது."

சரக்கு இறுக்கும் லாரி பெல்ட் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார்.

"நைனா, அது கண்ணாடி" என்றேன்.

"இருபது டன்னு இரும்ப கட்டுன கை இது. படிச்ச புள்ள, கம்முனு குந்து."

கடக், கடக் என்று இறுக்கினார். மூன்றாவதாக டப் என்று ஒரு சத்தம். கண்ணாடி நடுவில் பிளந்து கிடந்தது. டைகர் கட்டிலுக்கடியில் போய்ச் சேர்ந்தான்.

அம்மா வாயைத் திறக்குமுன் நைனா முந்திக்கொண்டார். "பாத்து சொல்லுமா. ஒரு நூலு நவுந்துச்சா?"

"அதான் ஒடைஞ்சு பூச்சே!"

"ஒடையறது வேற டிபார்ட்மென்ட்டு. நீ சொன்னது நவுர்றது. நாயி எங்கியும் போவாது."

அம்மா சிரித்துத் தொலைத்தாள். சிரித்த பிறகு எந்த நீதிபதியால் தண்டனை கொடுக்க முடியும்?

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரர், சட்டத்தின் நான்கு மூலைக்கும் நான்கு ரப்பர் பொட்டு தந்தார். ஒட்டி, மேலே புதுக் கண்ணாடியை வைத்தோம். டைகர் பாய்ந்தான், கண்ணாடி அப்படியே இருந்தது. நைனா குனிந்து அந்தப் பொட்டுகளை வெகுநேரம் முறைத்தார்.

"கட்டவே இல்லியேடா" என்றார், துக்க வீட்டில் பேசுவதுபோல.

பிறகு சட்டைப்பையில் கைவிட்டுப் பாதிப் பணத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. டைகருக்காக வாதாட எங்கள் தெருவில் அவரைவிட்டால் வேறு யார்? கண்ணாடி, ரப்பர் பொட்டு, ஆட்டோ எல்லாம் சேர்த்து வக்கீல் செலவு இரண்டாயிரத்து நூறு ரூபாய்தான் ஆனது.