நடுப்படியில் வேடிக்கை

மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, ஜன்னல் வழியாக ஊரையே அளப்பது போல வேடிக்கை பார்க்கும் பெண்மணிகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ரசனை என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு வாங்குகிறது. அதைச் சொல்லத்தான் வாய் வராது. இந்த இனத்துக்கு 'ஒண்ணுமில்லைக்காரி' என்று பெயர்.

நம் ஒண்ணுமில்லைக்காரி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். வயது அறுபத்தெட்டு. இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. பாதம் வீங்கிச் செருப்பு நுழையாவிட்டால், "மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சு" என்பார். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டி, ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றானபோது, "படிக்க வசதியா இருக்கு" என்றார். எந்தப் புத்தகம் என்று கேட்கக் கணவருக்குத் தைரியம் இல்லை. மேல்மாடியில் இருக்கும் உயிர்த்தோழியைப் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கேட்டால் முழங்கால் மேல் பழி. பாவம், அது பாட்டுக்கு நன்றாகத்தான் இருந்தது!

அன்று மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டினார்கள். குளித்தால் களைப்பு வருகிறதா, படி ஏற முடிகிறதா, வெளியே போவது குறைந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். கஷ்டமே இல்லையென்றால் ஐந்து மதிப்பெண். மதிப்பெண் என்றதும் டீச்சருக்குக் கை பரபரத்தது. எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்.

கணவர் எட்டிப் பார்த்தார். "குளிச்சிட்டு வந்து அரை மணி நேரம் படுக்கிறியே, அது?"

"பரீட்சை ஹால்ல பேசாதீங்க."

டாக்டர் மகிழ்ந்துபோனார். "பிரமாதம்மா! மருந்தைக் கூட்டவே வேண்டாம். எதுக்கும் ஆறு நிமிஷம் நடந்து காட்டிடுங்க."

வராந்தாவில் நர்ஸ் கடிகாரத்தோடு கூடவே வந்தார். முதல் நிமிஷம் ராஜநடை. இரண்டாவதில் நெஞ்சை யாரோ அமுக்கினார்கள். மூன்றாவதில் சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியின் முன் டீச்சர் நின்று, அதில் ஒட்டியிருந்த குறிப்பை வரி விடாமல் படிக்கலானார்.

"என்னம்மா படிக்கிறீங்க?"

"தீப்பிடிச்சா... என்ன செய்யணும்னு."

"எங்க பிடிச்சிருக்கு?"

டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். பேச மூச்சு இல்லை. சிரிப்பு வந்தது, பின்னாலேயே கண்ணீரும் வந்தது.

நாற்காலியில் சாய்ந்து, மூச்சு திரும்பியதும், "அந்தத் தாளைக் குடும்மா" என்றார். "மொத்தமும் பொய். என் பசங்க இப்படி எழுதியிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்."

மறுபடி எழுதினார். ஐந்துகள் ஒன்றாகவும் பூஜ்யமாகவும் சரிந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக ஃபெயில்! மருந்து கூடியது, உப்பு குறைந்தது, தினமும் அளவான நடை சேர்ந்தது. இரண்டு மாதத்தில் தலையணை ஒன்று குறைந்தது.

ஒருநாள் ஒவ்வொரு திருப்பத்திலும் கூச்சமில்லாமல் படியிலேயே உட்கார்ந்து எழுந்து, தோழி வீட்டுக் கதவைத் தட்டினார். தாள் கதையைத் தானே நடித்துக் காட்டிச் சிரித்தார். தோழி சிரிக்கவில்லை.

"ஏழு மாசமா நானும்தான் கீழ வரல. ஏன்னு நீ கேட்டியா?"

டீச்சர் அவர் பாதங்களைப் பார்த்தார். வீங்கியிருந்தன. மறுநாள் இருவரும் ஒரே ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இந்த இனம் அப்படித்தான், எங்கும் பரவிக் கிடக்கும். சரி, இதைப் படிக்கையில் நடுவில் நிமிர்ந்து, "நமக்கெல்லாம் அப்படி ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டீர்களே, உங்களை யார் கேட்டது?