மார்ட்டின் மாமாவுக்கு எந்த நரம்பு, எந்தத் தலை?

சேசு மரி சூசை துணை

கில்டரீன், மேயோ
புதன்கிழமை

லீட்ஸில் இருக்கும் அன்புள்ள அண்ணன் மலாக்கிக்குத் தங்கை அட்ராக்டா வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் முழங்காலுக்காகத் தினமும் ஒரு ஜெபமாலை தனியாகச் சொல்லிவருகிறேன். இடது காலா வலது காலா என்று மட்டும் தெரிவியுங்கள்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் கோர்மக், பக்கத்துக் கல்லறைக்காரி பிரீஜ் டர்கன் அக்கா, கனேன் சாமியார் (ஐந்து நிமிடம்), அக்கா தன் கல்லறையில் வைத்திருக்கும் அந்தோனியார் சுரூபம், மண்ணுக்குக் கீழே நம் மார்ட்டின் மாமா. ஆக ஆறு பேர்.

அடுத்த ஞாயிறு கல்லறை மந்திரிப்பு. "என் கண்ணுக்குத் தெரியாத கல்லறைக்குத் தீர்த்தம் தெளிக்க மாட்டேன்" என்று சாமியார் பூசையிலேயே சொல்லிவிட்டார். நமக்கு வீடும் நிலமும் எழுதிவைத்த மனிதர் இந்த வருடம் ஆசீர்வாதம் இல்லாமல் கிடப்பாரோ என்றுதான் எனக்குக் கவலை. மாமா மேல் இடுப்பளவு புல், காஞ்சொறி, முள். தொட்டடுத்த கல்லறையில் பிரீஜ் அக்கா வெள்ளைச் சரளை கொட்டிப் புல்லே முளைக்காமல் வைத்திருக்கிறாள். அது பக்தி இல்லை, ஆடம்பரம் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்து, புல்வெட்டி இயந்திரத்தில் சுழன்று புல்லை அறுக்கும் மூன்று வகை நைலான் நரம்பையும் குறிப்பேட்டில் ஏற்றினேன். கோர்மக் சதுர நரம்புதான் வேண்டும் என்றார். "முனை இருக்குல்ல, முள்ளையே அறுக்கும்டி." முள்ளை அறுத்தது உண்மை. ஆனால் கல்லறை ஓரக் கல்லில் பட்டுப் பட்டு அறுந்து நாலு மீட்டர் போனது. அடுத்து தடி நரம்பு. அது நரம்பைச் சுற்றிவைக்கும் இயந்திரத் தலையிலுள்ள ஓட்டையிலேயே நுழையவில்லை. மிஞ்சியது மெல்லிய உருண்டை நரம்பு. அதைச் சுற்றத் தலையைக் கழற்ற வேண்டுமே, கோர்மக் இடப்பக்கமாகத் திருகுகிறார், திருகுகிறார், முகம் பீட்ரூட் ஆகிவிட்டது, சாமியாரும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு ஒரு கை பிடித்தார், இன்னும் இறுகியதுதான் மிச்சம். "ஏங்க, புனிதக் கிணத்த எப்படிச் சுத்துவோம்? வலமாத்தானே? வலமாத் திருகுங்க" என்றேன். கழன்றுவிட்டது! சாமியார் என்னைப் பார்த்து, "இறையியல் படிக்கலைன்னாலும் இயந்திரவியல் தெரியுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பெருமையில்தான் அண்ணா, நான் கெட்டேன்.

தலைக்குள் இருக்கும் உருளையில் நரம்பையும் வலமாகவே சுற்றினேன். உருளையில் அம்புக்குறி இடப்பக்கம் காட்டியது. "அம்பு வேற பக்கம் காட்டுதே" என்றார் கோர்மக். "அம்பு போட்டவன் எந்தச் சபையோ" என்றேன். அவர் இயந்திரத்தை முடுக்கி, நரம்பு நீள்வதற்காகத் தலையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு விரல் நீளம் வரவேண்டியது, ஐந்து மீட்டரும் ஒரே மூச்சில் வெளியே வந்து சாட்டையாகச் சுழன்று, பிளாஸ்டிக் ரோஜாக்களை வாரி, பிரீஜ் அக்கா தொப்பியைக் கொண்டுபோய், அந்தோனியார் கழுத்தைச் சுற்றியது. இயந்திரத்தின் தலை ஒரு பக்கம், அவர் தலை ஒரு பக்கம். இயந்திரத் தலை இரண்டு துண்டாகக் கிடைத்தது. அவர் தலை நம் காஞ்சொறிக்குள் போய்விட்டது.

"அடிப்பாவி! தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுத் தர்றவரு தலையவே தொலைச்சுட்டியேடி!"

"மன்னிச்சுக்கோங்கக்கா, தேடித் தர்றேன்."

"யார்கிட்ட வேண்டிக்கிட்டுத் தேடுவ?"

இருட்டும்வரை காஞ்சொறிக்குள் துழாவினேன், கையில் தடிப்புதான் மிச்சம்.

ஆகவே அண்ணா, மெல்லிய உருண்டை நரம்பு பதினைந்து மீட்டரும், தட்டினால் நரம்பு நீளும் இயந்திரத் தலை ஒன்றும் உடனே அனுப்புங்கள். அங்கே கிடைத்தால் சாந்தமான முகமுள்ள அந்தோனியார் தலையும் ஒன்று. கழுத்து அகலம் மூன்று விரல்.

திருக்குடும்பம் உங்களையும் அண்ணியையும் காத்து நடத்துவதாக.

இப்படிக்கு,
தங்கை அட்ராக்டா

பி.கு.: வியாழன் காலை. எந்தத் தலையும் அனுப்ப வேண்டாம். விடிந்ததும் தனியாகப் போய்க் காஞ்சொறியைக் கையுறையோடு பிடுங்கித் தேடினேன். அந்தோனியார் தலை கிடைத்தது, மூக்கில்கூடக் கீறல் இல்லை. அது சாய்ந்திருந்தது கால்மாட்டிலுள்ள ஒரு பெயர்த் தகட்டின் மேல். தகட்டில் 'டர்கன்' என்று இருக்கிறது. ஓடிப்போய்ப் பிரீஜ் அக்காவின் சரளையை விலக்கிப் பார்த்தேன். அடியிலிருந்த தகட்டில் மார்ட்டின் மாமா பெயர். இரண்டும் ஒரே மாதிரி இரும்புச் சிலுவை. அம்மா கைகாட்டிய இடத்தில் பத்தொன்பது வருடமாக அக்காவின் மாமனாருக்கு முழங்கால் போட்டிருக்கிறேன். மேலே எழுதிய ஆறு பேரில் மாமா ஒரு கல்லறை தள்ளி என்று திருத்திக்கொள்ளுங்கள். சரளையைப் பற்றி எழுதியதையும் அடித்துவிடுங்கள். பார்க்க மிகவும் லட்சணமாக இருக்கிறது. இப்போது புதர் அக்காவுடையது, தீர்த்தம் நமக்கு. தகட்டின் மேல் காஞ்சொறியைத் திரும்பப் போட்டு மூடியிருக்கிறேன், அது மனதை அறுக்கிறது. அக்காவிடம் சொல்லட்டுமா, மந்திரிப்பு முடியட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.