அவசரத்தம்மாவும் ஐந்து சீட்டும்

இலங்கையில் போக்கர் ஆடத் தெரிந்தவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினால், முதல் ஆளாக எங்கள் தோட்டத்து மருத்துவச்சிதான் நிற்பார் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஒரே சிக்கல், அவரை நிற்க வைப்பது. வரிசை சேருவதற்குள் அவர் இரண்டு மலை தாண்டிப் போயிருப்பார்.

வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் எழுபதுகளில் நான் சின்ன கிளாக்கராக இருந்தேன். மருத்துவச்சிக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் வைத்த பெயர் அவசரத்தம்மா. புதிதாக வந்த பாதர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, அவசரத்தம்மா என்ற மாதாவின் கெபி எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரித்ததாகச் சொல்வார்கள்.

காலில் கறுப்பு ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் குடை, தோளில் மருந்துப் பை. இவற்றை அவர் எந்த வீட்டிலும் கழற்றி வைத்து நான் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்காருவார். ஒரு பாதம் எப்போதும் வாசலைப் பார்த்திருக்கும். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்த தேநீரை நாம் ஊதத் தொடங்கும் முன் குடித்து முடித்திருப்பார். ஆற வைத்தால் குடிக்கவே முடியாமல் போய்விடும் என்பது அவருடைய அனுபவம்.

அவருக்குப் போக்கர் கற்றுக் கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி. கால் முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்த அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள இவரை பங்களாவுக்கு அனுப்பியிருந்தார்கள். படுத்தவருக்கும் பொழுது போகவில்லை, பார்த்துக்கொள்ள வந்தவருக்கும் உட்கார முடியவில்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, துரைசாணி கப்பல் ஏறியபோது, அவசரத்தம்மாவிடம் ஒரு சீட்டுக்கட்டும் யாரையும் நம்பாத ஒரு பார்வையும் மிஞ்சியிருந்தன.

ஞாயிறு மத்தியானம் ஸ்டாஃப் கிளப்பில் நாலு பேர் ஆடுவோம். ஆட்டம் சுலபம். ஆளுக்கு ஐந்து சீட்டு. பிடிக்காததை ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். பிறகு பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகலாம். பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசிவரை நிற்பவர்களில் நல்ல சீட்டு வைத்திருப்பவருக்கு வெற்றி. கையில் ஒன்றுமே இல்லாமல் முகத்தை வைத்தே மற்றவர்களை விரட்டியும் ஜெயிக்கலாம். அதுதான் போக்கரின் அழகும் அயோக்கியத்தனமும்.

பந்தயம் தேயிலை விதைகள். காசு வைத்து ஆடமாட்டேன் என்று அவசரத்தம்மா சொல்லியிருந்தார். இருந்தாலும் மனம் கேட்காமல், சூதாடுகிறேன் என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார். எதை வைத்து என்று பாதர் கேட்க, தேயிலைக் கொட்டை என்று இவர் சொல்ல, பின்னால் நிறைய பேர் காத்திருக்கிறார்கள், எழுந்து போங்கள் என்றாராம் பாதர். ஆனால் சாயங்காலம் யாரிடம் விதை அதிகமோ, அவர் தோற்றவர்களுக்கு ஒரு வேலை வைக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. அதைப் பாதரிடம் அவர் சொல்லவில்லை.

பெரிய கிளாக்கர் ஐயா பேரேடு எழுதுவதுபோல் ஆடுவார். மூன்று ராஜா வந்தாலொழிய ஒரு விதையை நகர்த்தமாட்டார். அவர் நகர்த்தினால் நாங்கள் மூவரும் உடனே சீட்டைக் கவிழ்த்துவிடுவோம். அதனால் அவருக்கு வந்த ராஜாக்கள் எல்லாம் வீணாகப் போனார்கள். டீமேக்கர் நேர்மாறு. ஃபாக்டரியில் தேயிலையை முகர்ந்து பார்ப்பதுபோல் சீட்டை முகர்ந்துவிட்டு, கையில் குப்பை இருந்தாலும் ஏற்றிக்கொண்டே போவார். நானோ நல்ல சீட்டு வந்தால் காது சிவந்து போகிறவன். மலைக்குளிரிலும் என் காது காட்டிக்கொடுத்துவிடும்.

அவசரத்தம்மா தன் சீட்டை ஒரு தடவைதான் பார்ப்பார். பிறகு எங்களைப் பார்ப்பார். டீமேக்கர் எப்போது புளுகுகிறார் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“பொய் வலி வந்தவ ஊரக் கூட்டுவா தம்பி. நெச வலி வந்தவ பேசமாட்டா. மூச்ச எண்ணிக்கிட்டுக் கெடப்பா. இருவத்தஞ்சி வருசமா அதத்தானே பாக்குறேன்.”

அன்றிலிருந்து டீமேக்கர் வாயை மூடிக்கொண்டு ஏற்றிப் பார்த்தார். அப்போது அவருக்கு மூச்சு வாங்கியது. அதிலும் மாட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிறு ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். அவசரத்தம்மா தன் ஐந்து சீட்டையும் மருந்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் சீட்டு இல்லாமல் ஆட்டத்தை முடிக்கவும் முடியாது, கலைக்கவும் மனம் வராது. டீமேக்கர் கையில் அன்று அதிசயமாக நல்ல சீட்டு. அவர் எங்களை எழுந்திருக்கவே விடவில்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் பூட்ஸில் ஒட்டிய சேற்றோடு உள்ளே வந்த அவசரத்தம்மா, பொம்பளப்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றார். அதே மூச்சில், பத்து விதை ஏற்றுவதாகவும் சொன்னார். டீமேக்கர் ஆடிப்போய்ச் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அவசரத்தம்மா கையில் ஒரு ஜோடிகூட இல்லை.

இப்படித் தோற்றுத்தான் டீமேக்கர் பிரசவ அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஆபீஸில் பென்சில் விழுந்தால்கூடக் குனியாத பெரிய கிளாக்கர் ஐயா, வெந்நீர் போட விறகு சுமந்தார். நான் பழைய படுக்கை விரிப்புகளைப் பிள்ளைத்துணியாகக் கிழித்தேன். அப்போது சாமான்கள் எதுவும் கிடைக்காத காலம். கேட்டு வாங்கினால் ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவர் சீட்டாடி வாங்கினார்.

அவரால் வாங்க முடியாமல் போனது லொறி ஒன்றைத்தான்.

பிரசவம் சிக்கலானால் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வேண்டும். லொறி நகர, தோட்டத்தை நடத்தும் துரை கையெழுத்துப் போட்ட துண்டுத் தாள் வேண்டும். பங்களாவோ மலை உச்சியில். கீழ் டிவிசனில் பாக்கியம் என்ற பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே கிடந்த அன்று, துரை எங்கோ விருந்துக்குப் போயிருந்தார். துண்டு வந்து லொறி கிளம்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. பாக்கியம் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவசரத்தம்மா கிளப்புக்கு வரவில்லை. வந்தபோதும் நாற்காலியின் நுனியில்கூட இருப்புக்கொள்ளவில்லை. மேசையைச் சுற்றி நடந்துகொண்டே ஆடினார். மருத்துவச்சி சொன்னாலே லொறி போகலாம் என்று ஓர் உத்தரவு கேட்டு என்னை மூன்று கடிதம் டைப் அடிக்க வைத்தார். மூன்றுக்கும் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பதில்களையும் நான்தான் டைப் அடித்தேன்.

துரை கெட்டவர் அல்ல. சிங்களவர், எங்களோடு நன்றாகவே தமிழ் பேசுவார். ஓர் உத்தரவைக் கொடுத்துவிட்டால் தன் அதிகாரத்தில் ஒரு துண்டு குறைந்துவிடும் என்ற பயம் மட்டும் அவருக்கு இருந்தது. துரைமாருடைய கிளப்பில் போக்கரில் தன்னை வெல்ல ஆளில்லை என்ற பெருமையும் இருந்தது.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று மத்தியானம் நல்ல மழை. ஜீப்பில் போன துரை எங்கள் கிளப்பில் ஆட்டம் நடப்பதைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார். தானும் ஆடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று யார் சொல்வது. பெரிய கிளாக்கர் ஐயாவுக்கு அன்று மூன்று ராஜா வந்தது. மரியாதைக்காகக் கவிழ்த்துவிட்டார். டீமேக்கர் சீட்டை முகரவே இல்லை. என் காது பயத்தில் வெளுத்துப் போயிருந்ததாம்.

பந்தயம் என்ன என்று துரை கேட்டார். தோற்றவர் ஒரு வேலை செய்ய வேண்டும் என்று அவசரத்தம்மா சொன்னார். துரை தோற்றால் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அது லொறிக் கடிதம் என்றும் சொன்னார். துரையின் சிரிப்பு சற்று நின்று திரும்பி வந்தது. சரி, நீ தோற்றால் இனி லொறி என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்றார். அவசரத்தம்மா தலையாட்டினார்.

ஒரு மணி நேரம் விதைகள் அங்கும் இங்கும் போய்க்கொண்டிருந்தன. கடைசியாக ஓர் ஆட்டம். நாங்கள் மூவரும் விலகிவிட்டோம். அவசரத்தம்மா மூன்று சீட்டு மாற்றினார். துரை ஒன்றே ஒன்று மாற்றினார். ஒரு சீட்டு மட்டும் மாற்றுகிறவர் ஏற்கெனவே இரண்டு ஜோடி வைத்திருக்கலாம். அல்லது வரிசை சேர்க்க ஒரு சீட்டைத் தேடித் தவறவிட்டிருக்கலாம். எது என்று சொல்வது கடினம். துரை தன் விதைகள் முழுவதையும் நடுவில் தள்ளினார்.

அவசரத்தம்மா மேசையை ஒரு சுற்று வந்தார். அந்த நேரம் பார்த்து, தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போர்த்தி நனைந்தபடி ஒருவன் வாசலில் வந்து நின்றான். கீழ் டிவிசனில் தன் பெண்சாதி காமாட்சிக்கு வலி கண்டுவிட்டது என்றான்.

துரைக்குத் திடீரென்று இரக்கம் பொங்கியது. போ, போ, உயிர் விஷயம் என்றார். இந்த ஆட்டத்தைச் சமம் என்று வைத்துக்கொள்வோம் என்றார். தன் கிளப்பில் இதேபோல் ஓர் ஆட்டம் பாதியில் நின்ற கதையைச் சொல்லத் தொடங்கி, விதைகளைத் தானே பிரித்துத் தள்ளப் பார்த்தார்.

அவசரத்தம்மா மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே தன் கடைசி விதைவரை நடுவில் வைத்தார்.

“காட்டுங்க தொரை.”

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. கூட உதவாத ஒரு இரண்டு. வரிசை சேரத் துரைக்கு ஓர் ஆறோ ஒரு ஜாக்கியோ வேண்டியிருந்தது. இரண்டு ஆறுகள் அவசரத்தம்மாவிடம் இருந்தன. அந்த ஒரு ஜோடியைத் தவிர அவரிடமும் வேறொன்றும் இல்லை. அது போதுமானதாக இருந்தது.

நாளைக்கு ஆபீஸில் பார்க்கலாம் என்றார் துரை. அப்போது நான் வாழ்நாளில் எதிர்பாராத ஒன்று நடந்தது. துரை சொல்லாமல் மூச்சுக்கூட விடாத பெரிய கிளாக்கர் ஐயா, கோட்டின் உள்பையிலிருந்து, ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த லொறி உத்தரவை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு தாள், நடுவே கார்பன். பேனாவைத் திறந்து துரை பக்கம் நீட்டினார். துரை உடனே வாங்கவில்லை. ஆனாலும் நீட்டியபடியே இருந்தார்.

துரை அவரைப் பார்த்தார், வாசலில் நின்றவனைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். போட்டதோடு அவசரத்தம்மாவையும் காமாட்சியின் புருஷனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப்போனார். அன்று லொறி தேவைப்படவில்லை. காமாட்சிக்கு லயத்திலேயே சுகமாகப் பிள்ளை பிறந்தது. அதுவரை துரை வெளியே நின்று, லயத்தார் கொடுத்த பாலில்லாத சாயத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் அவசரத்தம்மாவிடம் கேட்டேன். தோற்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள், லொறிப் பேச்சையே எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தீர்களே என்று.

“தோத்திருந்தாலும் காலையில போயி லொறியத்தான் கேட்டிருப்பேன் தம்பி. வாக்கு மீறுன பாவத்த பாதர்கிட்ட சொல்லித் தீத்துக்கலாம். செத்த புள்ளைய யார்கிட்ட சொல்லித் தீக்கிறது.”

சொல்லிவிட்டு நடந்துகொண்டேயிருந்தார். நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

அந்தக் கடிதத்தின் பேரில் லொறி எத்தனையோ முறை மலை இறங்கியது. துரை எங்கள் கிளப்புக்கு அடிக்கடி வந்து, அடிக்கடி தோற்று, பிரசவ அறைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போனார். அடுத்து வந்த துரை அப்படி ஓர் உத்தரவே கிடையாது என்றபோது, பெரிய கிளாக்கர் ஐயா கார்பன் பிரதியை எடுத்து மெதுவாக மேசையில் வைத்தார்.

எனக்குக் கல்யாணமாகி, மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தபோது, ஒரு காலையில் வலி வந்துவிட்டது என்று அவசரத்தம்மாவைத் தேடி ஓடினேன். அவர் வந்து என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, இப்போது வலி எனக்குத்தான் என்று சொல்லி, எனக்குச் சுடுதண்ணீர் கொடுக்கச் சொன்னார். சரியாக ஒரு வாரம் கழித்து மகன் பிறந்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, தங்கை வீட்டோடு இருக்க ராகலைக்குப் போனார். வழியனுப்ப, பஸ் நிற்கும் சந்திக்குப் போனோம். எங்களுக்கு முன்பே பிள்ளைகளோடு ஐம்பது அறுபது பெண்கள் அங்கே நின்றார்கள். அவர் ஒருவரிடமும் விடைபெறவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஏன் சளி, அந்தப் பிள்ளைக்கு ஏன் தொப்பி போடவில்லை என்று திட்டிக்கொண்டே பஸ்ஸில் ஏறினார். நான் ஏதோ சொல்ல நினைத்து, கடைசியில் பிஸ்கட் பொட்டலத்தை மட்டும் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். பஸ் திரும்பி மறைந்த பிறகு பெரிய கிளாக்கர் ஐயா குடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை விரிக்காமலே மழையில் தோட்டம்வரை நடந்து வந்தார்.

மறு வருஷம் என் மனைவி மறுபடியும் உண்டானாள். மாதம் நெருங்கியதும், பிரசவத்துக்குத் தலவாக்கலைக்குப் போகலாமா, நுவரெலியாவுக்குப் போகலாமா என்று கேட்டாள். நான் ராகலைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.