எனக்கென்று ஒரு வாளி

ஒரு முறைகூடச் செய்து பார்க்காத காரியத்தைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு அபாரமான தன்னம்பிக்கை வரும். பத்து பெரண்டாம் என்ற ஊர்த் தொழிற்சாலையில் உடன் வேலை செய்த நண்பனிடம் வி.ஆர். கண்ணாடியை இரவல் வாங்கியபோதும் அப்படித்தான். எங்கள் தேவாலயத்து அறுப்பின் பண்டிகையில் வாலிபர் சங்கம் விளையாட்டுக் கடை போட வேண்டும். சங்கத் தலைவன் நான். (வேறு யாரும் போட்டியிடவில்லை.)

சபைக் குழுவில் கிரேஸ் ஆன்ட்டி மட்டும் எதிர்த்தார்.

"அத மாட்டுனா பெனிங் வரும்லா தம்பி. புள்ளைங்க தலசுத்தி விழுந்தா யாரு பாக்குறது?"

"தலசுத்தலெல்லாம் மனப்பிரமை ஆன்ட்டி. பயந்தாங்கொள்ளிங்களுக்குத்தான் வரும்."

சொல்லிவிட்டு, எதிரே குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஷீலாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளிடம் நல்ல பேர் வாங்க ஆறு மாதமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிமிரவே இல்லை.

குழுத் தலைவர் தேவதாஸ் அங்கிள் தீர்ப்புச் சொன்னார். "சரி, போடு. ஆனா ஒருத்தர் வாந்தி எடுத்தாலும் கடைய மூடிடணும். அடுத்த வருஷமும் கேக்கக்கூடாது."

பண்டிகையன்று கடைமுன் நல்ல கூட்டம். எல்லாரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள்.

"மொதல்ல நீ போட்டுக் காட்டுலா" என்றார் ஆன்ட்டி.

அப்போதுதான் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டு முடித்திருந்தேன். கண்ணாடியை மாட்டினேன். அதற்குள் தெரிந்த ரோலர் கோஸ்டர் மெல்ல மேலே ஏறியது.

"பாத்தீங்களா ஆன்ட்டி, ஒண்ணுமே..."

அந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடிக்கவில்லை. வண்டி தலைகுப்புற இறங்கியது. பறக்கிறோம் என்றது கண். சும்மாதான் நிற்கிறோம் என்றது கால். வயிறு இரண்டையும் நம்பாமல் தனியாக முடிவெடுத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். பக்கத்தில் ஏலத்துக்கு வந்த காணிக்கைகளை அடுக்கியிருந்தார்கள். பூசணி, வாழைத்தார், நடுவே ரிப்பன் கட்டிய புத்தம்புதிய எவர்சில்வர் வாளி. (கிரேஸ் ஆன்ட்டியின் காணிக்கை.) குனிந்துவிட்டேன்.

வாளி ஆடாமல் நின்றதே என்று நிமிர்ந்தால், பிடித்துக்கொண்டிருந்தவள் ஷீலா.

"அவசரப்படாதீங்க, இன்னும் வரும்" என்றாள். வந்தது. வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

"சொன்னபடி கடைய மூடு" என்றார் தேவதாஸ் அங்கிள். வாலிபர்கள் முகமெல்லாம் தொங்கிப்போயிற்று. அதற்குள் பின்னாலிருந்து ஒரு கூச்சல்.

"அய்யய்யோ, என்னா உயரம்! இன்னும் வேகமா போகச் சொல்லுங்கலா!"

நான் எறிந்த கண்ணாடியை எடுத்துக் கிரேஸ் ஆன்ட்டி மாட்டியிருந்தார். மூன்று சுற்று போனார். கொண்டைப் பூகூடக் கலையாமல் திரும்பி வந்தார்.

"கடைய ஏன் மூடணும்? மெஷின்ல ஒரு கொறையும் இல்ல. இவனத் தள்ளி நிக்கச் சொல்லுங்க, போதும்."

குழுவும் அப்படியே தீர்மானித்தது. வி.ஆர். கடை இன்றும் வருஷாவருஷம் நடக்கிறது. நான் அந்தப் பக்கம் போகக்கூடாது.

வாளியை ஏலம் விடவில்லை, ஆன்ட்டியே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். எனக்கும் ஷீலாவுக்கும் கல்யாணமானபோது அது பளபளவென்று தேய்த்து, புது ரிப்பன் கட்டி, பரிசாக வந்து சேர்ந்தது. மஸ்ஜித் தானாவிலுள்ள மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் ஐந்து வயது மகள் அதைத் தூக்கி வந்து என் மடியில் வைக்கிறாள்.

காரை ஓட்டுவதே நான்தான், ஓட்டுகிறவனுக்கு வாந்தி வராது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?